மரத்தில் தொங்கிய படிப்பு

றொசல்ல ரயில் நிலையத்துக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் பத்தாம் நம்பர் மலையில் ஒரு சவுக்கு மரம் நிற்கிறது. மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் அதைச் சிக்னல் மரம் என்பார்கள். லயத்துக்குள் போனை எந்தப் பக்கம் தூக்கிப் பிடித்தாலும் ஒரு கோடுகூட வராது. அந்த மரத்தடிக்குப் போனால் எல்லாக் கோடும் நிற்கும். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன மகளோடு பேசும் தாய்க்கும், கொழும்புக் கடையில் நிற்கும் தம்பியோடு சண்டை பிடிக்கும் அண்ணனுக்கும், காதலிக்கிறவர்களுக்கும் அந்த மரம்தான் கதி.

கணேசமூர்த்தியின் மகள் சுலக்ஷனா அந்த மரத்தில்தான் கம்பியூட்டர் படித்தாள். மரத்தடியில் என்று சொல்லவில்லை, மரத்தில் என்றுதான் சொல்கிறேன். பின்னேரம் மலையேறி வருவாள். போனில் பாட வீடியோவைத் தட்டிவிடுவாள். மழை படாமல் அதை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, கைக்கெட்டும் கொப்பில் தொங்கவிட்டுவிட்டு விறகு பொறுக்கப் போய்விடுவாள். மேலே வீடியோ தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பாடம் ஓடி முடிந்தால் அதன் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரி விழும். எல்லாப் பாடத்துக்கும் சரி விழுந்த பிறகு கேள்வி வரும். பிழையாகச் சொன்னால் மறுபடி சொல்லலாம், சரி வரும்வரை சொல்லிக்கொண்டேயிருக்கலாம். அது முடிந்தால் சான்றிதழ் வந்துவிடும்.

ஏமாற்றுக்காரி என்று அவளை நினைத்துவிடாதீர்கள். முதல் பாடநெறியின்போது குடையைப் பிடித்தபடி அந்த மரத்தடியிலேயே குந்தியிருந்து ஒரு சொல் விடாமல் கேட்டவள் அவள். ஆனால் வீடியோவில் வந்த ஆசிரியர் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, "இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் கணினியில் இதைச் செய்து பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். கணினிக்கு அவள் எங்கே போவாள்? நிறுத்தாமல் அடுத்ததுக்குப் போனாள். முந்தியதைச் செய்து பார்க்காததால் அடுத்தது அரைகுறையாக விளங்கியது. அதற்கடுத்தது அறவே விளங்கவில்லை. விளங்காத ஒன்றைக் குளிரில் உட்கார்ந்து கேட்பதற்குப் பதில் விறகாவது பொறுக்கலாம் என்று ஒரு நாள் எழுந்து போனாள். திரும்பி வந்து பார்த்தபோது பச்சைச் சரி விழுந்துதான் இருந்தது. நீ பார்த்தாயா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

அவள் படித்த தோட்டத்துப் பாடசாலையில் கம்பியூட்டர் இல்லாமல் இல்லை. யாரோ புண்ணியவான்கள் கொடுத்தவை ஓர் அறையில் வரிசையாக இருந்தன. பழுதாகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அவற்றைப் பூப்போட்ட துணியால் மூடி, அறையையும் பூட்டி வைத்திருந்தார்கள். சரஸ்வதி பூசை செய்யும் வாணி விழாவுக்கு மட்டும் கதவு திறக்கும். துணியை விலக்கி, ஒவ்வொரு கம்பியூட்டருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, மறுபடியும் மூடிவிடுவார்கள். சுலக்ஷனா அங்கே படித்த காலமெல்லாம் கம்பியூட்டரைக் கும்பிட்டிருக்கிறாள். ஒரு நாளும் தொட்டதில்லை.

அவளுடைய அப்பா கணேசமூர்த்திக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. சாமியை விடக் காகிதத்தின் மேல் பக்தி அதிகம் கொண்ட மனிதர். அதற்குக் காரணமும் உண்டு. அவருடைய பெரியப்பா குடும்பத்துக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைக்கவில்லை. கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்திரம் கிடைத்த அவருடைய அப்பா இங்கேயே தங்கினார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே செத்துப்போனார்கள். கையில் காகிதம் இருந்தால்தான் மனிதன் என்பது இந்த மலைகளில் பலரும் அழுது கற்ற பாடம். கணேசமூர்த்தி அதைப் பிழையான இடத்தில் பாவித்தார், அவ்வளவுதான்.

மகளுக்குச் சான்றிதழ் வந்தவுடனே ஹட்டன் டவுனுக்குப் போய்க் கலரில் அச்செடுத்து, பிரேம் போட்டுக் கொண்டுவருவார். லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பிராவின் முன்சுவரில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் பக்கத்தில் சான்றிதழ்கள் ஏறிக்கொண்டே போயின. வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது சுலக்ஷனாவின் அம்மா நாகலெட்சுமி சான்றிதழ்களுக்கும் வைத்தாள். தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் செல்லசாமி பக்கத்து லயத்துக்காரர். அவர் வரும்போதெல்லாம் அந்தச் சுவரின் முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"எல்லாம் இங்கிலீசுல போட்ருக்கான் பாத்தியா மூர்த்தி. நம்ம தோட்டத்துல எந்தப் புள்ளைக்கு இப்புடி வந்துச்சு சொல்லு? என் மக தனுஷிகாகிட்டயும் சொல்லிட்டேன், சுலக்ஷனா அக்கா மாதிரி வரணும்னு."

இடையில் ஒரு நல்ல வழி திறக்கத்தான் செய்தது. ஏ.எல். பரீட்சை முடித்த கையோடு, கண்டிப் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் சுலக்ஷனாவுக்கு இடம் கிடைத்தது. தங்குவதற்கு விடுதி, ஆளுக்கொரு கம்பியூட்டர், கற்றதை அங்கேயே செய்து பார்க்க ஆசிரியர்கள். கணேசமூர்த்தி யோசித்துப் பார்த்தார்.

"அங்க ரெண்டு வருசம் கெடந்தா ஒரு பேப்பரு. இங்க மாசத்துக்கு ஒண்ணு வருது. எது மேலுன்னு நீயே சொல்லும்மா."

வயதுப் பிள்ளையைக் கண்காணாத இடத்தில் விடவேண்டாம் என்று நாகலெட்சுமிக்கும் இருந்தது. சுலக்ஷனா, "சரிங்கப்பா" என்றாள். அவளுக்கும் சுவரைப் பார்த்துப் பார்த்து, தனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டிருந்தது.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். சான்றிதழ்கள் ஒன்றுக்குமே உதவவில்லை என்று சொல்ல முடியாது. அவள் அனுப்பிய விண்ணப்பத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனம் அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. செய்தி வந்ததும் சுலக்ஷனா மலையிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்தாள். மறுநாளே லயம் முழுவதும் அவள் கதைதான். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்ததால் செல்லசாமி தோட்டத்துச் சந்தியில் பெரிய பேனர் கட்டினார். சுலக்ஷனாவின் படம் போட்டு, 'எங்கள் தோட்டத்தின் முதல் கணினிப் பொறியியலாளர்' என்று எழுதியிருந்தது. இன்டர்வியூவுக்கு இன்னும் போகவே இல்லை.

பேனரைவிடப் பெரிய பிழையை நாகலெட்சுமி செய்தாள். அவளுக்கு இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. இனி மலையேறக் கூடாது என்று டிக்கோயா ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்லி வெகுகாலம். வேறு வழி இல்லாததால் பல்லைக் கடித்துக்கொண்டு கொழுந்து பறித்துவந்தாள். இன்டர்வியூ என்று கேள்விப்பட்டதும் நேரே தோட்டத்து ஒப்பீசுக்குப் போனாள்.

"மகளுக்குக் கொழும்புல வேல கெடச்சிருச்சுங்கய்யா. இனிமே என்னால ஏலாதுங்க. என் பேர வெட்டிருங்க."

பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டிவிட்டார்கள். அன்று மாலை கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதியைச் சுலக்ஷனா பார்த்தாள். இன்டர்வியூ வேறு, வேலை வேறு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அம்மா ஆசைப்படுவதில் என்ன தப்பு, கிடைக்கத்தானே போகிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

கணேசமூர்த்தி சட்டை மாற்றிக்கொண்டு மகளோடு ரயிலேறினார். பிரேமோடு சான்றிதழ்களைக் கொண்டுபோகத்தான் நினைத்தார். கண்ணாடி உடைந்துவிடும் என்று மகள் கெஞ்சியதால், கழற்றிக் கோப்பில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நிறுவனம் இருந்த கண்ணாடிக் கட்டடத்தின் கீழ்த்தட்டிலேயே அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். கோப்போடு மகள் மட்டும் மேலே போனாள்.

மேலே சுலக்ஷனாவை இன்டர்வியூ செய்தவள் கேஷிகா என்ற இளம்பெண். ஹட்டன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள். விலாசத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"நீங்க றொசல்லயா? நான் ஹட்டன். நம்ம ஊர்ப் பக்கத்திலயிருந்து ஆள் வர்றதே பெரிய சந்தோசம். பயப்படாதீங்க, தமிழ்லயே பேசுவோம்."

கோப்பிலிருந்த சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "நெறைய கோர்ஸ் செஞ்சிருக்கீங்க. நல்லது. இதெல்லாம் பாத்துத்தான் கூப்பிட்டோம். படிச்சுட்டு நீங்களா எதாவது செஞ்சிருக்கீங்களா? சின்னதா ஒரு வெப்சைட், ஒரு ஆப்?"

"இல்லைங்க மிஸ்."

"பரவால்ல. இப்ப ஒண்ணு செஞ்சு காட்டுங்க. ஒரு பக்கம். அதுல ஒங்க பேரும் ஒரு பட்டனும். பட்டன அமத்துனா வணக்கம்னு வரணும். அவ்ளோதான். மொதல் கோர்ஸ்லயே இருக்கும். அவசரமில்ல, யோசிச்சு செய்ங்க."

மடிகணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

சுலக்ஷனா அதைப் பார்த்தாள். வீடியோக்களில் இதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறாள். கை நீண்டு, போனைத் தள்ளுவதுபோல அதன் திரையை விரலால் மேலே தள்ளியது. ஒன்றும் அசையவில்லை. மறுபடி தள்ளினாள். பிறகு விசைகளைப் பார்த்தாள். போனில் இருந்த அதே எழுத்துகள்தான், ஆனால் அகலமாகப் பரந்து கிடந்தன. போனில் பெருவிரலால் தேடாமல் எழுதிப் பழகியவளுக்கு, இங்கே எந்த விரலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரே ஒரு விரலை நீட்டித் தன் பெயரின் முதல் எழுத்தைத் தேடினாள். திறந்திருந்த ஒரு வெற்றுப் பக்கத்தில் பெயரை எழுதி முடித்தாள். அதற்கு மேல் என்ன எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பட்டன் வைக்க எந்த மென்பொருளைத் திறக்க வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை.

கேஷிகாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது. கோபத்தால் அல்ல. அவளுக்கே அழுகை வரும்போல இருந்தது.

"வீட்ல கம்பியூட்டர் இருக்கா?"

"இல்லைங்க மிஸ்."

"அப்ப இவ்ளோ கோர்ஸும் எப்டி செஞ்சீங்க?"

"போன்லங்க மிஸ்." மரத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை.

கேஷிகா கோப்பை மூடி மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினாள். "கோபிச்சுக்காதீங்க. சர்டிபிகேட்டப் பாத்து நாங்க கூப்புடுவோம். வேல குடுக்குறது செஞ்சு காட்டுறதப் பாத்துத்தான். நீங்க போயி ஒரு வருசம் எதையாச்சும் ஒங்க கையால செஞ்சு பழகுங்க. ஒண்ணே ஒண்ணு போதும். எடுத்துக்கிட்டு வாங்க. நானே பாக்குறேன்."

சுலக்ஷனா எழுந்து நின்று கேட்டாள். "எதுல மிஸ் செஞ்சு பழகுறது?"

கேஷிகாவிடம் அதற்குப் பதில் இல்லை. ஜவுளிக்கடை மாடியில் அவளுக்குத் தனியறையும் கம்பியூட்டரும் இருந்தன. அதே ஊர்ப் பக்கத்தில் அவை இல்லாத வீடுகள் எவ்வளவு என்று அவள் அன்றுவரை யோசித்ததில்லை.

கீழே கணேசமூர்த்தி எழுந்து ஓடிவந்தார். "பேப்பரெல்லாம் பாத்தாங்களாம்மா?"

"பாத்தாங்கப்பா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தாம்ப்பா." அதற்கு மேல் அடக்க முடியாமல் அவள் அவர் தோளில் முகம் புதைத்து அழுதாள். காவலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரயிலில் திரும்பி இருவரும் தோட்டத்துச் சந்திக்கு வந்தபோது, பேனரில் சுலக்ஷனா சிரித்துக்கொண்டிருந்தாள். அதன் கீழே நின்று கணேசமூர்த்தி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சாமி காரியம் முடியட்டும்மா. இப்ப சொன்னா செல்லசாமிக்கும் அசிங்கம், நமக்கும் அசிங்கம். பொறகு மெதுவா சொல்லிக்கலாம்."

அந்த மௌனம்தான் இன்னொரு வீட்டையும் விழுங்கியது. திருவிழாவில் சாமி தேரேறுவதற்கு முன் செல்லசாமி ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார். பொன்னாடை போர்த்தினார். சனம் விசிலடித்துக் கைதட்டியது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுலக்ஷனா தலையைக் குனிந்து நின்றாள். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று சனம் மேலும் கைதட்டியது. முன்வரிசையில் செல்லசாமியின் மகள் தனுஷிகா கண்ணெடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவிழா முடிந்ததும் நாகலெட்சுமி மறுபடி ஒப்பீசுக்குப் போனாள். வெட்டிய பேரை இனிப் பதிய முடியாது, வேண்டுமானால் வெளியாளாக வந்து கிலோக் கணக்கில் பறிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். லீவும் இல்லை, முழங்காலுக்கு ஓய்வும் இல்லை. பறித்தால்தான் காசு. கவிழ்த்து வைத்த கூடையை எடுத்து அவள் மறுபடி தலையில் மாட்டினாள். மகளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுலக்ஷனாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கேட்டவர்களிடம், "கொழும்புலயிருந்து இன்னும் திகதி சொல்லலைங்க" என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

கணேசமூர்த்திக்கு அப்போதுதான் கண் திறந்தது. பாடசாலைக்குப் போய் அதிபரின் முன் கும்பிட்டு நின்றார்.

"அந்த ரூம மட்டும் கொஞ்சம் தொறந்து விடுங்க சேர். புள்ள வந்து பழகிக்கட்டும். நானே கூட வந்து நின்னு பாத்துக்குறேன்."

அதிபர் நல்லவர். மறுபேச்சு இல்லாமல் சாவியை எடுத்தார். பூப்போட்ட துணியை விலக்கி, குங்குமம் காய்ந்துகிடந்த கம்பியூட்டரின் பட்டனை அழுத்தினார். அது உயிர் பெறவில்லை. அடுத்ததும் இல்லை. வரிசை முழுவதும் அழுத்திப் பார்த்தார்கள். இருட்டுக்குள்ளும் ஈரத்துக்குள்ளும் இருந்து எல்லாம் செத்துப்போயிருந்தன. கவனமாக வைத்திருந்ததால் மேலே ஒரு கீறல்கூட இல்லை.

"தொட்டா பழுதாயிரும்னு நெனச்சோம் மூர்த்தி" என்றார் அதிபர்.

கணேசமூர்த்தி வீட்டுக்கு வந்து சான்றிதழ்கள் தொங்கிய சுவரின் முன் வெகுநேரம் நின்றார். "பேப்பரத்தாம்மா நான் படிப்புன்னு நெனச்சுட்டேன்" என்றார். அந்த வெள்ளிக்கிழமை நாகலெட்சுமி சான்றிதழ்களுக்குப் பொட்டு வைக்கவில்லை.

சில நாள் கழித்து, விறகுக்காகச் சுலக்ஷனா பத்தாம் நம்பர் மலைக்குப் போனாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சிக்னல் மரத்தில், அவள் வழக்கமாகத் தொங்கவிடும் அதே கொப்பில், ஒரு பொலித்தீன் பை ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு போன். யாருமில்லாத மலையைப் பார்த்து, "இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் கணினியில் இதைச் செய்து பாருங்கள்" என்று அந்த ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுலக்ஷனா பையைக் கழற்றி வீடியோவை நிறுத்தினாள். விறகுக் கட்டோடு தனுஷிகா ஓடிவந்தாள்.

"ஐயோ அக்கா, ஏன் நிப்பாட்டுனீங்க? கடைசிப் பாடம். அது முடிஞ்சா எனக்கு மொதல் சர்டிபிகேட். அப்பா பிரேம்கூட வாங்கி வெச்சுட்டாரு."

"தனுஷிகா, இங்க பாரு. எனக்கு வேல கெடைக்கலடி. சும்மா சொன்னோம். ஒரு பட்டன் போடச் சொன்னாங்க. எனக்குப் போடத் தெரியல. ஒனக்கு அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்துல எடம் வந்திருக்குன்னு எங்கம்மா சொன்னாங்களே, அங்க போயிரு. இன்னைக்கே போயி அப்பாகிட்ட சொல்லு. நானும் கூட வர்றேன்."

தனுஷிகா விறகைக் கீழே போட்டாள்.

"அதுக்கு நாள் முடிஞ்சுருச்சுக்கா. திருவிழா அன்னைக்கு ஒங்களுக்குப் பொன்னாட போத்துனாங்கல்ல? வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்த லெட்டர அடுப்புல போட்டாரு. சுலக்ஷனா எங்கயும் போகாமத்தானே பெரிய ஆளா வந்துச்சு, நீ எதுக்கு அங்க போயி ரெண்டு வருசத்த வீணாக்கணும்னாரு."

சுலக்ஷனா மரத்தைப் பிடித்துக்கொண்டாள். தான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பிள்ளை எதிரில் நனைந்துகொண்டு நின்றது.

"இனிமே நான் எங்கக்கா போயி செஞ்சு பழகுறது?" என்று தனுஷிகா கேட்டாள்.

கொழும்பில் கேஷிகாவிடம் அவள் கேட்ட அதே கேள்வி. தனுஷிகா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு போனை அவள் கையிலிருந்து வாங்கி, தாவணி முனையால் ஈரத்தைத் துடைத்து, வீடியோவைத் தட்டிவிட்டு, மறுபடியும் கொப்பில் தொங்கவிட்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கீழே சரிவில் நாகலெட்சுமி ஒரு கையால் முழங்காலைப் பிடித்தபடி கொழுந்து பறித்துக்கொண்டிருப்பது அங்கிருந்து தெரிந்தது. சுலக்ஷனா அம்மாவைப் பார்த்துக்கொண்டே, தனுஷிகாவுக்கும் தனக்குமாகச் சொன்னாள்.

"சர்டிபிகேட் வாசல் வரைக்குந்தான்டி கூட்டிட்டுப் போகும். உள்ள போனா கையத்தான் பாப்பாங்க. நம்மாளுங்க கம்பியூட்டருக்கு மாலையப் போட்டுப் பூட்டி வெச்சாங்க, பேப்பருக்குப் பொட்டு வெச்சு செவுத்துல மாட்டுனாங்க. ஒனக்கு என்ன செய்யத் தெரியும்னு ஒருத்தரும் என்னையக் கேக்கல. நானும் என்னையக் கேட்டுக்கல. கை தட்டுறதுக்கு முன்னாடி யாராச்சும் அத மட்டும் கேட்டிருந்தா, எங்கம்மா இன்னைக்கு அந்த மலையில நிக்க மாட்டாங்க."